அத்தான் சரிசெய்துகொடுத்த ஆயுதம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் கல்லூரி இதழில் ஒரு பக்கம் காலியாக இருந்ததால் பிறந்தது. இதழின் ஆசிரியர் என் வகுப்புத் தோழன். எந்த வாக்கியத்தையும் முடிக்காததால் அவனுக்குக் காற்புள்ளி என்று பெயர்.

"காமெடியா ஏதாவது குடு மச்சான், உங்க அக்கா ஏதோ கட்டை சுத்தறாங்களாமே, அதையே அப்படியே..." என்றான்.

அப்படியே எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"என் அக்கா பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பகலில் பல் கட்டுகிறாள், மாலையில் பல் உடைக்கப் பழகுகிறாள். தொழில் வளர்ச்சி என்றால் இதுதான்."

எனக்குப் பிடித்திருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். நன்றாகவே சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்துபோய், கதவின் உள்தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

காமெடிக் கதை அங்கேயே செத்துப்போனது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது மிச்சம்.

2

கட்டை என்று காற்புள்ளி சொன்னதன் பெயர் தோன்ஃபா. ஒகினாவாத் தீவுகளின் தற்காப்புக் கலையில் வரும் ஆயுதம்.* முழங்கையைத் தாண்டிக் கொஞ்சம் நீளும் மரக்கட்டை, அதன் ஒரு முனைக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு கைப்பிடி. பிடித்துக்கொண்டால் கட்டை முன்கையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வருகிற அடியைத் தாங்கும். பிடியைத் தளர்த்தி மணிக்கட்டைத் திருப்பினால் கட்டை சுழன்று வெளியே பாயும். ஜோடியாகத்தான் விற்பார்கள், கைக்கு ஒன்று.

இதில் முக்கியமான சொல் 'தளர்த்தி'. பயந்தவன் எதையும் இறுக்கிப் பிடிப்பான். தோன்ஃபாவை இறுக்கிப் பிடித்தால் அது சுழலாது, நம் முழங்கையையே போட்டுத் தாக்கும். அதாவது, பயந்தவர்களுக்காக உண்டானதாகச் சொல்லப்படும் இந்த ஆயுதம் பயந்தவர்கள் கையில் வேலை செய்யாது. [இந்த வரியை இன்னும் கொஞ்சம் நீட்டித் தத்துவம் ஆக்கலாம். வேண்டாம்.]

* மாவரைக்கும் கல்லின் கைப்பிடியிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். இல்லவே இல்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டு தரப்பிடமும் கட்டை இருப்பதால் நான் நடுவில் போகவில்லை.

3

அத்தான் பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல். நம்பும்படியாக அமையவே மாட்டேன் என்கிறார்.

முதல் வரைவில் அவருக்குச் சிவந்த கண்ணும் தடித்த குரலும் கொடுத்தேன். பொய். அவர் பூட்டுக் கடை வைத்திருக்கிறார், மெல்லப் பேசுவார், தெருநாய்க்கு வழிவிட்டு நடப்பார். ஒருநாள் குளியலறைக் கதவை அக்காவின் மணிக்கட்டின் மேல் வைத்து மூடினார். அறைந்து சாத்தவில்லை. மெதுவாக. பிறகு திறந்து, "கீல் டைட்டா இருக்கு, பாக்கறேன்" என்றார். அக்கா அந்த வாரமே என் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவர் சண்டைக்கு வரவில்லை. நாங்கள் இல்லாதபோது வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

எதையும் எடுக்கமாட்டார். சொட்டிக்கொண்டிருந்த குழாய் ஒருநாள் சொட்டவில்லை. ஆடிய நாற்காலி ஆடவில்லை. கழுவாமல் போட்ட டம்ளர் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. பூட்டை மாற்றினோம். சாயங்காலம் வந்து பார்த்தால் புதுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டிருந்தார்.

காவல் நிலையத்தில் எழுத்தர் கேட்டார்: "குழாயைச் சரி பண்ணதுக்கு என்னம்மா கம்ப்ளெயிண்டு?" அவர் இடுப்பில் தொங்கிய குறுக்குப்பிடி லத்தியும் தோன்ஃபா குடும்பத்துக் கட்டைதான்.

அம்மா தொலைபேசியில் சொன்னாள்: "எங்க வீட்டுக் குழாயும் ஒழுகுதுடி. உங்கப்பாகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நல்ல மனுஷன், கொஞ்சம் யோசி."

அக்கா போனை வைத்தாள். "டேய், நான் பைத்தியமா?" என்றாள்.

"இல்லக்கா. ஆனா எதுக்கும் ஒரு நாள் லீவு போட்டு டாக்டரப் பார்க்கலாம்."

தலையில் குட்டினாள். அடுத்த நாள் டயர் கடை மாடியில் நடக்கும் தோன்ஃபா வகுப்பில் சேர்ந்தாள்.

4

வகுப்பில் ஒரு வழக்கம். ஜோடியாகப் பழகும்போது அடி முழு வேகத்தில் வர வேண்டும், ஆனால் எதிராளியின் தோலுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட வேண்டும். தொட்டுவிட்டால் தொட்டவர் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார வேண்டும்.

அக்கா ஒருமுறைகூட ஓரத்தில் உட்காரவில்லை. அதற்குக் காரணம் நான். அதாவது என் தலை. தினமும் கட்டிலுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் என்னை நிறுத்திப் பழகினாள். கட்டை காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து என் நெற்றிப்பொட்டுக்கருகே நிற்கும். காது குளிரும்.

"அசையாத எரும."

"அசைஞ்சா?"

"அசைஞ்சா நானே பல்லு கட்டித் தரேன். குடும்பத்துக்குச் சலுகை உண்டு."

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருநாள் அவள் கட்டையை நிறுத்திய நிலையிலேயே நின்று, "எனக்கு ஒரு சந்தேகம்டா" என்றாள். "நான் அடிக்கப் பழகறேனா, நிறுத்தப் பழகறேனா?"

பொட்டுக்கருகே கட்டை இருக்கும்போது இலக்கியம் பேசக் கூடாது.

5

[இனிமேல் வருவது நேற்றுப் பிற்பகல். இதுவரை கதையை நான் நடத்தினேன்.]

அக்காவுக்கு அரை நாள் வேலை. இருவரும் சேர்ந்தே படியேறினோம். கதவு பூட்டியபடி இருந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி. கதவை உள்ளேயிருந்து பூட்டி, உள்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, தினமும் செய்வதைப்போல, என்ன நன்மை நடந்திருக்கிறது என்று தேடினோம். குழாய், நாற்காலி, ஜன்னல். ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு வரல போலிருக்கு" என்றேன்.

அக்கா மூலையில் இருந்த பையிலிருந்து கட்டைகளை எடுத்தாள். வலக்கைக் கட்டையைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கட்டையின் கைப்பிடி சில வாரங்களாக லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது ஆடவில்லை. கைப்பிடி மரத்துக்குள் நுழையும் இடத்தில் புதிதாக ஒரு சின்ன ஆப்பு. அழகாக, மட்டம் பார்த்து இழைத்துவிட்டிருந்தது. கட்டை முழுவதும் எண்ணெய் பூசியிருந்தது, ஈரம்கூட இன்னும் போகவில்லை.

பூட்டைத் திறந்து வந்து, தன் தலைக்காகவே வாங்கி வைத்திருக்கும் ஆயுதத்தைச் சரிசெய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"சரி பண்ணியிருக்காரா, இல்ல..." என்றேன். காற்புள்ளியின் நோய் எனக்கும் வந்துவிட்டது.

"இல்ல, உள்ள அறுத்து வெச்சிட்டு மேல ஆப்பு அடிச்சிருக்காரா" என்று அக்கா முடித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செயற்கைப் பல்லில் தலைமுடி அளவு விரிசலையும் பிடித்துவிடும் கண். "வெளியே ஒண்ணும் தெரியல. ஓங்கி அடிச்சாத்தான் தெரியும்."

"இடக்கைக் கட்டையை வெச்சுக்கோயேன்."

"அதுக்கும் எண்ணெய் போட்டிருக்கான்டா."

'போட்டிருக்கான்' என்றாள். இதுவரை 'அவர்'தான்.

6

அப்போது கதவு தட்டப்பட்டது. இரண்டு விரலால், மரியாதையாக.

"நான்தான்." மெல்லிய குரல். "கைப்பிடி பிடிச்சிருக்கா? ஆடிட்டு இருந்துச்சு, கையக் கிழிச்சிடும்னு பயந்துட்டேன்."

பூட்டுக்குள் சாவி நுழையும் சத்தம். பூட்டு திறந்தது, கதவு அரை விரல் நகர்ந்து தாழ்ப்பாளில் இடித்து நின்றது. அந்தத் தாழ்ப்பாள் மெல்லிசு. என் வாடகைக்கு அவ்வளவுதான் வரும்.

"தாழ்ப்பாள எடும்மா. ஸ்க்ரூ லூசா இருக்கு, வெளியிலேர்ந்தே தெரியுது. மாத்தித் தரேன்."

அக்கா வலக்கையில் கட்டையைப் பிடித்திருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. இறுக்கம்.

7

இங்கே கதைக்கு முடிவு வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) காற்புள்ளிக்காக எழுதியது. அக்கா தாழ்ப்பாளை நீக்குகிறாள், கட்டை சுழல்கிறது, அத்தான் படிகளில் உருள்கிறார், பற்கள் தெறிக்கின்றன. அக்கா குனிந்து அவற்றைப் பொறுக்கி, புது செட்டுக்கு அளவெடுத்து, ரசீது கொடுக்கிறாள். நான்தான் எழுதினேன். நானே நம்பவில்லை.

(ஆ) அக்கா கட்டையைச் சுழற்றுகிறாள். கைப்பிடி அவள் கையிலேயே இருக்கிறது, கட்டை மட்டும்

[இதை முடிக்க என்னால் ஆகாது.]

(இ) அக்கா கதவைத் திறந்து முழு வேகத்தில் வீசுகிறாள். கட்டை அத்தானின் பொட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் நிற்கிறது. பழக்கம். அவர் கண்கூட இமைக்கவில்லை. டயர் கடைக்கு எதிரே நின்று எத்தனையோ மாலைகள் பார்த்திருக்கிறார், இந்தக் கை எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். கட்டையை மெதுவாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உள்ள போய்ப் பேசலாம்" என்கிறார்.

மூன்றாவதுதான் நடக்கும் என்று நினைத்தேன். அக்காவும் அதையே நினைத்தாள் என்பது அவள் தாழ்ப்பாளைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. நான் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

8

"நகருடா" என்றாள்.

"திறக்காதக்கா."

"திறக்கல. நகரு."

கதவுக்கு நேராக நின்றாள். விரல்களை ஒருமுறை விரித்து, மறுபடி மூடினாள், இந்த முறை தளர்வாக. மணிக்கட்டு திரும்பியது. கட்டை சுழன்று போய் மூடிய கதவின் நடுவில் இறங்கியது.

நிற்கவில்லை. அவள் கையிலிருந்து எதையாவது தொட்ட முதல் அடி அது. கட்டடம் முழுக்க அதிர்ந்தது. மேல் மாடியில் எதுவோ உருண்டது.

வெளியே அத்தான் பின்வாங்கும் காலடி. "என்ன பண்ற? கதவு கெட்டுப்போயிடும்" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

அக்கா கைப்பிடியைப் பார்த்தாள். அசையவில்லை. நல்ல தொழில்காரர். மறுபடி அடித்தாள். மரம் பிளந்து ஒரு சிராய் என் கன்னத்தில் பட்டது.

"நான் உன்னக் கூப்பிடல!" என்று கத்தினாள். அக்கா அத்தானை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்ததும் தெரியாது. "நாங்க இல்லாதப்ப என் வீட்டுக்குள்ள வர்ற! என் கையை நசுக்கின! எல்லாரும் கேட்டுக்கங்க, நான் இவனக் கூப்பிடவே இல்ல!"

படிக்கட்டு அதை மேலும் கீழும் எடுத்துப் போனது. பிறகு அமைதி. அந்த அமைதியில், எங்கள் வாசலுக்கு நேர் எதிர்வீட்டில், ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

9

எதிர்வீட்டுக் கதவைத் திறந்தது நீங்கள்.

கோபப்படாதீர்கள், இத்தனை பக்கம் கூடவே வந்துவிட்டு இப்போது மட்டும் இது என் குடும்பத்துக் கதை என்று சொல்ல முடியாது. கதவைப் பாதி திறந்து நிற்கிறீர்கள். செருப்புகூடப் போடவில்லை.

அத்தான் உங்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். நல்ல சிரிப்பு. நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். போன வருஷம் உங்கள் வாசல் பூட்டைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். கூலியில்கூடக் குறைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, குடும்ப விஷயம்" என்கிறார். "கொஞ்சம் கோவமா இருக்கா. நீங்க உள்ள போங்க."

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நல்லபடியாக எழுதினால் நீங்கள் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். மோசமாக எழுதினால் அடடா என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொள்வீர்கள்.

உள்ளே நானும் அக்காவும் கதவில் காதை வைத்து நிற்கிறோம். இவ்வளவு சொன்ன பிறகு எங்களுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான், உங்கள் குரல். அவர் போகச் சொல்லிவிட்டார். நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.