லைனில் இருக்கிறார்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும், போன் அடித்தால் எடுக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். திண்டிவனத்தைத் தாண்டிப் பெருமுக்கல் போகிற பக்கம் எங்கள் நிலையம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு செய்தவன் நான், ஊர் என்ன செய்தது?

லைன்மேன் பிரான்சிஸும் நானும் பதினோரு வருடச் சிநேகம். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. 'லைன்' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நம் ஜனங்கள் எத்தனை வேலை வாங்குகிறார்கள் என்று எண்ணுவது. ஆரம்பித்தவன் நான்தான். ரேஷன் கடையில் நிற்பது லைன். கம்பத்தில் ஓடுவது லைன். பையன் பெண்ணுக்குப் போடுவதும் லைன். வரிசையாகப் பத்துக் குடித்தனம் இருந்தால் லைன் வீடு; திண்டிவனத்தில் பிரான்சிஸ் குடியிருப்பதே அப்படி ஒரு வீட்டில்தான். சில நாள் கம்பத்தடியிலிருந்தே போன் பண்ணுவார்.

"யோவ் ஜெகா, புதுசா ஒண்ணு மாட்டிக்கிச்சி. எம்மச்சான் கேக்கறான், மாமா நா டிரைவர் லைன்ல போறதா, சமையல் லைன்ல போறதான்னு. எழுதிக்க."

நான் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். பதினேழு வரை சேர்ந்திருந்தது. பதினேழும் தெரிந்த பெரிய மேதாவி, வேண்டிய நேரத்தில் தப்பானதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வேலையில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் எனக்குப் போன் செய்து கேட்பார். நான் அந்தப் பக்கத்துக் கரண்டை நிறுத்தி, பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, ஏறலாம் என்று சொல்வேன். வேலை முடிந்ததும் வாங்கிய அதே ஆள், தன் வாயால், "லைன் கிளியர் ரிட்டர்ன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை சுவிட்சில் கை வைக்கக்கூடாது. யார் கேட்டாலும் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துகிறவனே நான்தான்.

போன மார்ச்சில் ஒரு நாள் காலை பத்தே முக்காலுக்குப் பிரான்சிஸ் லைன் கிளியர் வாங்கினார். பன்னிரண்டு மணி வரை ரிட்டர்ன் இல்லை. மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சும் சமயம். அரை மணியில் பத்துப் பதினைந்து பேர் போனில் என்னைக் கிழித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். பிரான்சிஸுக்குப் போட்டேன், வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. போனை வைத்தேனோ இல்லையோ, மேஜை போன் அடித்தது. பாஞ்சாலி என்ற பெண். அவள் நிலத்தில் இருந்த கம்பத்தில்தான் காலையிலிருந்து வேலை.

"எங்க கொல்லையில வேலை முடிஞ்சிபோச்சிங்க. கரண்டு எப்ப வுடுவீங்க?"

"பிரான்சிஸ் எங்கம்மா?"

"அண்ணன் லைன்ல இருக்காருங்க."

அவரது போனும் பிஸி, இவளும் லைனில் இருக்கிறார் என்கிறாள். வேலையை முடித்துவிட்டுக் கீழே நின்று யாரிடமோ கதை பேசிக்கொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். "இங்க நான் வசவு வாங்கிக்கினு இருக்கேன், இவருக்குப் பேச்சு கேக்குதா," என்று முணுமுணுத்தபடி எழுந்துபோய் சுவிட்சைப் போட்டேன்.

போட்ட நொடியே டமாரென்று சுவிட்ச் தானாக விழுந்து டிரிப் ஆனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைன் என்று அவள் கம்பத்தைச் சொல்லியிருக்கிறாள். பிரான்சிஸ் அடுத்த கம்பத்தின் மேல் இருந்தார்.

அவர் முறைப்படி கம்பிகளுக்கு எர்த் ராடு மாட்டிவைத்திருந்தார். அதனால் நான் விட்ட கரண்ட் அவர் உடம்பில் பாயாமல் மண்ணுக்குப் போனது. ஆனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கத் தொடங்கிய நேரம். தலைக்குமேல் வெடித்த சத்தத்தில் பிடி நழுவி இருபத்தைந்து அடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

எங்கள் பேனல் பழசு. நான் சுவிட்சைப் போட்டது எனக்கும் அந்த இரும்புப் பெட்டிக்கும்தான் தெரியும். ரெஜிஸ்டரில் எழுதவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி, "சப்ளை கொடுத்தீங்களா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். நாக்கு துளியும் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

பாஞ்சாலியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு அவசியமில்லாமல் போய்விட்டது. ஏனென்றால் பிரான்சிஸின் மனைவி சவுரியம்மாள் தானாகவே அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"நாந்தான் சார் போன் பண்ணேன். மத்தி மீன் வந்துக்கீது, வாங்கட்டுமான்னு கேக்கப் பண்ணேன். ரிங் போச்சி, அவரு எடுக்கல. அதை எடுக்கப் போயிதான் கை வுட்டுட்டாரு."

பிரான்சிஸின் போனிலும் பன்னிரண்டு பதினேழுக்கு அவள் எண் மிஸ்டு காலாக இருந்தது. நான் போட்டபோது பிஸியாக இருந்ததும் அந்த அழைப்பால்தான். பிரான்சிஸுக்கோ விழுந்தது பற்றி எதுவும் நினைவில்லை, சட்டைப்பையில் போன் அடித்ததைத் தவிர. கம்பத்தின் மேல் செல்போனால் கவனம் சிதறியது என்று எழுதி விசாரணையை முடித்தார்கள்.

நான் தப்பித்தேன். அன்று சாயங்காலம் விழுப்புரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். அது உள்ளே இறங்கவும் செய்தது.

ஐந்து மாதம் ஓடியது. பிரான்சிஸை பிசியோதெரபி சிகிச்சைக்காக விழுப்புரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் சேர்த்தார்கள். தினமும் மதியம் என் வீட்டிலிருந்து கேரியரில் சாப்பாடு கொண்டுபோனேன். சவுரியம்மாள் அதை வாங்கும்போதெல்லாம், "கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்கண்ணா," என்பாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. போகாமலும் இருக்க முடியவில்லை. அவளிடம் இப்போது போனே கிடையாது. எங்காவது ரிங் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்துவிடும். புருஷனுக்கு எல்லாப் பணிவிடையும் செய்வாள், முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

பத்தாம் நாள் வராந்தாவில் கேரியரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நேத்து மாதா கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேண்ணா."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னு கேக்கறீங்களே! எம்புருஷன் காலை வாங்கினதுக்குத்தான். வேணும்னு செய்யலியேம்மா, ஆண்டவர் மன்னிப்பாருன்னு சாமியாரு சொன்னாரு. எனக்குத்தான் மனசு ஆறல. இன்னொரு வாட்டி போலாம்னுக்கீறேன்."

நான் செய்ததற்கு அவள் பாவமன்னிப்புக் கேட்டு மண்டியிட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"சவுரி, நீ போன் பண்ணதால அவரு வுழல."

"சமாதானம் சொல்லாதீங்கண்ணா."

"சமாதானம் இல்லம்மா. அவரு மேல இருக்கச்சொல நான் கரண்டு வுட்டுட்டேன். ரிட்டர்ன் வாங்காம வுட்டேன். லைன்ல இருக்காருன்னு ஒரு பொம்பளை சொல்லிச்சி, போன்ல பேசறாருன்னு நெனச்சிக்கினேன். மேல வெடிச்சிது, அதுலதான் வுழுந்தாரு. அதிகாரிகிட்ட இல்லன்னு பொய் சொன்னேன். நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன். வேலை போனாலும் போவட்டும்."

அவள் குழாயை மூட மறந்து நின்றாள். தண்ணீர் கேரியரை நிறைத்து வழிந்தது. திட்டுவாள், கத்துவாள், கையில் இருப்பதை என் முகத்தில் வீசுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் போன் இல்லியா?"

"இல்லம்மா."

"நெசமாவா? எம்மேல ஆணையா?"

"நெசம்."

"ரொம்ப நன்றிண்ணா," என்றாள். கைகூப்பினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஐந்து மாதத்தில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த கணமே அந்தத் தெளிவு போய்விட்டது. கூப்பிய கை இறங்கியது. நான் சொன்னதன் மறுபாதி அப்போதுதான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

"நீங்களா?" என்றாள். "தெனம் சோறு எடுத்துக்கினு வந்தீங்களே. எல்லாம் தெரிஞ்சிதானா வந்தீங்க?"

அவள் என்னை இன்னொரு தரம் பார்க்காமல் வார்டுக்குள் ஓடினாள். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். கட்டிலருகே குனிந்து, பிரான்சிஸின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, நா இல்லீங்க. என் போனால இல்லீங்க. நா இல்ல!"

"இன்னா சொல்ற? நீ இல்லன்னா வேற யாரு?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பிரான்சிஸ் தலையைத் திருப்பியபோது நான் கண்ணில் பட்டேன். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, ஜெகா! ஏன்யா அங்கயே நின்னுட்ட? வா, வந்து உக்காரு," என்றவர், தன் இரண்டு கால்களையும் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் செய்தார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.