வியாழக்கிழமைப் புகை

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. கதவைச் சாத்திவிடுங்க, கடல்காற்று சில்லிடுகிறது. எங்கள் எஸ்பியர் துறைமுகத்தில் ஒருத்தி பட்ட பொறாமையைச் சொல்கிறேன்.

வீபெகே தன் புருஷனுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில், திறந்த வெள்ளைப் பெட்டிக்குள் ஃப்ளெமிங் படுத்திருந்தான். நிமோனியா கொண்டுபோய்விட்டது. கப்பல் ஏணியிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட நாளிலிருந்து அவன் கால்களுக்கு உணர்ச்சி இல்லை. ஆனாலும் சும்மா இருக்காது, வெட்டி வெட்டி இழுக்கும். காலுறை மாட்டும்போது அவள் முகவாயில் எத்தனையோ உதை. இன்று அந்தக் கால்கள் அடங்கிக் கிடந்தன. வியாழக்கிழமைகளில் அவன் சிநேகிதி யூட்டே வீட்டிலிருந்து திரும்பும்போதும் இப்படித்தான் கிடக்கும். அதுதான் அவள் நெஞ்சைக் குடைந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அவனைத் தூங்கவைத்தது, இழுப்பை நிறுத்தவில்லை. யூட்டேயின் கஞ்சா நிறுத்தியது. அவளும் கழுத்தருகே தண்டுவடம் போனவள், சக்கர நாற்காலிக்காரி. "அந்த நாத்தம் நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று வீபெகே ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கழுவ, புரட்டிப் படுக்கவைக்க, மூத்திரக் குழாய் மாற்ற இவள். கூடச் சிரிக்க அவள்.

வாசலில் சக்கரம் உரசியது.

"உள்ள வரலாமா, வீபெகே?"

"வந்துட்டீங்களே, அப்புறம் என்ன கேள்வி."

யூட்டே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "டை கட்டிவிட்டுட்டியா? திட்டுவானே."

"என் புருஷன். என் இஷ்டம்."

"சரிதான்." அவன் கால்களைப் பார்த்து, "முட்டிக்கு நடுவுல தலையணை வைக்கலையா?" என்றாள்.

வீபெகேயின் கை நின்றது. "அவன் எப்படித் தூங்குவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் அப்படித்தான் தூங்குறேன். இல்லேன்னா ரெண்டு முட்டியும் உரசிப் புண்ணாயிடும்."

தினமும் அவன் முட்டிக்கு நடுவே வைக்கும் தலையணையைப் பழக்கத்தில் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள் வீபெகே. செத்தவனுக்குப் படுக்கைப்புண்ணா என்று சவப்பெட்டிக்காரர் நினைப்பாரே என்று பையிலேயே வைத்திருந்தாள். இப்போது எடுத்து முழங்கால்களுக்கு நடுவே செருகினாள்.

"அங்க என்னதான் பண்ணுவீங்க ரெண்டு பேரும்?"

"புகைப்போம். கால் ஆடுறது நின்னதும் டிவில பந்தாட்டம். பாதியிலயே குறட்டை விடுவான். எழுப்பினா, வீபெகே மாதிரி எழுப்பத் தெரியலைன்னு எனக்குத்தான் வசவு."

"என்கிட்ட சொன்னதே இல்லை."

"நீ ஒரு வியாழக்கிழமைகூட வந்து பார்க்கலையே."

வீபெகே டையின் முடிச்சை இலேசாகத் தளர்த்திவிட்டாள்.

சவப்பெட்டிக்காரர் மூடியை வைத்துவிட்டு, திருகாணிகளை அவள் உள்ளங்கையில் போட்டார். அவற்றைச் சொந்தக்காரர்கள்தான் முடுக்க வேண்டும். தலைமாட்டில் இரண்டையும் அவளே முடுக்கினாள். பக்கத்தில் உள்ளவற்றையும். கடைசி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"கால்மாட்டுது மட்டும் உனக்கு" என்றாள்.

யூட்டேயின் விரல்கள் மடங்காது. திருகாணி நழுவி அவள் மடியில் விழுந்தது. வீபெகே அதை எடுத்து அவள் விரல்களுக்குள் வைத்து, மேலே தன் கையைப் பொத்திக்கொண்டு திருகினாள். இறுகிவிட்டது. இறுகிய பிறகும் அந்தக் கையை விடாமல் இன்னொரு சுற்று திருகினாள்.

உங்கள் வீட்டில் படுத்திருப்பவர்கள் வலியில்லாமல் புரண்டு படுக்கட்டும், கண்ணுகளா. அவர்கள் சிரிப்பதற்கு ஓர் இடம் இருக்கட்டும்; அது உங்கள் வீடாகவே இருக்கட்டும்.