முதலில் இவளைக் கேட்கவும்

...இன்னும் அதே பாட்டுத்தான், பாட்டென்று சொல்லவும் முடியாது, வெறும் பியானோ, நடுநடுவே ஒருத்தி வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்கிறாள், முக்கியமென்றால் எடுத்துக் கதையேனடி, முதலில் பிரெஞ்சில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொல்லி, இரண்டு பாஷையிலும் ஆளைக் காக்க வைக்கிறாள். செல்வமலர் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கரட் சீவினாள். லாசாலில் அவள் சமைக்கும் இந்தக் கார்டெரியின், குழந்தைகள் காப்பகத்தின், குசினிச் சுவரில்தான் தொலைபேசி, வயர் அடுப்புவரை வரும், கழுவுகிற தொட்டிவரை வராது. பிள்ளைகள் மத்தியான நித்திரையால் எழும்பினால் பால், பிஸ்கட் என்று எல்லாம் தலைக்குமேல் வந்துவிடும், அதற்குள் ஆட்களின் கடன் கணக்கைப் பதிந்து வைக்கிற அந்தக் கம்பனியில் யாராவது எடுக்க வேண்டும். எடுத்தால் என்ன சொல்வது? பையைத் திருடிவிட்டார்கள் என்றா? அதைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரியாதா அவளுக்கு...

எல்லாருக்கும் ஒரே கேள்விதான், அதையெல்லாம் ஏன் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாய். பொலிஸ்காரனும் அதைத்தான் கேட்டான், கடவுச்சீட்டு, குடியுரிமை அட்டை, வேலைக்கும் வரிக்கும் கேட்கிற சின் அட்டை, பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, கல்யாணச் சான்றிதழ், அவள் சொல்லச் சொல்ல எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். வீட்டில் புருஷன் குலேந்திரனின் பகிடி வேறு. "இறைச்சி வாங்கப் போகவும் கலியாண சேட்டிபிக்கற் வேணுமா புள்ள?" ஓம், வேணும்! தொண்ணூறில் மட்டக்களப்பிலிருந்து உடுத்த சீலையோடு ஓடினாளே, கடதாசி எல்லாம் வீட்டோடு எரிந்துபோனதே, அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டை இல்லையென்று ஓரமாக நிறுத்தினார்களே, அந்த வெயிலில் நின்றது அவள்தானே, பகிடி விடுகிறவரா நின்றார்? அன்று தொடங்கிப் பை இல்லாமல் வாசல் தாண்டியதில்லை, கல்யாண வீட்டுக்கும் அதுதான், செத்த வீட்டுக்கும் அதுதான். இவ்வளவு காலம் காப்பாற்றியதை, ஆங்கிரியோன் மெற்றோ ரயில் நிலையத்தில், யாரோ ஒருத்தன் வழி கேட்டான் என்று திரும்பின நேரத்தில்... வழி சொன்னாளாம் வழி, இவள் பெரிய வழிகாட்டி! அங்கே அட்டை இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றார்கள், இங்கே அட்டை இருந்தால் போதுமாம், ஆள் தேவையில்லையாம். லவாலில் ஒருத்தி தான்தான் செல்வமலர் என்று சொல்லிக் கைத்தொலைபேசி வாங்கியிருக்கிறாள். அந்தப் பெயரை வாய் நிறைய ஒருதரம் சரியாகச் சொல்லட்டும் பார்ப்போம்!

தொலைபேசியோடு போய்விடாது என்று பொலிஸ்காரன் சொன்னான், அடுத்தது கார், அதற்கடுத்தது கடன் அட்டை. அமெரிக்காவில் சில இடங்களில் கடன் கோப்பைப் பூட்டியே வைக்கலாமாம், இங்கே பூட்டெல்லாம் இல்லை, கோப்பு வைத்திருக்கிற கம்பனிக்கு அழைத்து அதில் எச்சரிக்கை ஒன்று போடலாமாம், இவள் பெயரில் யார் கடன் கேட்டாலும் கொடுக்கிறவன் முதலில் இவளை அழைத்து நீதான் கேட்டாயா என்று கேட்க வேண்டுமாம். நல்ல விஷயம்தானே, இதற்கு என்ன யோசனை? ஆனால் அவள் இதைச் சொன்னதும் குலேந்திரன் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார். "திங்கக்கிழம பேங்க்காரன் வீட்டுக்கடனுக்கு முடிவு சொல்லப் போறான். அதுவரைக்கும் ஒண்டையும் கிண்டாத. எச்சரிக்கை கிச்சரிக்கை எண்டு கண்டானெண்டா பயந்திருவான். பேந்து பாப்பம்." பேந்து பாப்பம், பேந்து பாப்பம், எதற்கும் பிறகு பிறகு என்று அவள் காது புளித்துப்போன சொல். பல்லு வலித்தாலும் பேந்து, குளிருக்குச் சப்பாத்து வாங்கவும் பேந்து, அவருடைய அக்கா யோகராணி புரோசார்ட்டில் தன் வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வருகிறது என்று சொன்னபோது மட்டும் பேந்து இல்லை, அன்றைக்கே ஓடினார். வடிவான வீடு, யார் இல்லையென்றது, மச்சாளின் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தால் இவள் குசினியில் என்ன கறி என்று தெரியும். அங்கேயிருந்து இந்தக் கார்டெரிக்கு வர இரண்டு பஸ், ஒரு பாலம், இப்போதோ நடந்து வருகிறாள். சரி, அதை விடு, இப்போது கள்ளியைப் பிடிக்கிற வேலை...

பியானோ நின்றது. "போன்ஜூர் மதாம்." உண்மையான குரல். செல்வமலர் கரட்டைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். பிறந்த தேதி, பழைய விலாசம், அதற்கு முந்திய விலாசம், எல்லாம் அந்தக் குரல்காரி கேட்டாள், எல்லாவற்றுக்கும் செல்வமலரிடமிருந்து பதில் வந்தது, பிரெஞ்சும் தடக்காமல் வந்தது, இந்தப் பிள்ளைகள் பழக்கிய பிரெஞ்சு, குலேந்திரனுக்கு அதில் பாதிகூடத் தெரியாது. இருந்தும் வீட்டில் எந்த அழைப்பும் அவருக்குத்தான். எப்போதாவது அழைக்கிற ஒருவன், இல்லை, மதாமிடம்தான் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தால் ரிசீவரை நீட்டுவார், "யெஸ் எண்டு சொல்லு", அவள் யெஸ் என்பாள், ரிசீவர் திரும்பிப் போய்விடும்.

"எந்த எண்ணுக்கு உங்களை அழைக்கச் சொல்ல, மதாம்?"

ஐந்து ஒன்று நான்கு என்று வாய் தானாகத் தொடங்கியது, குலேந்திரனின் கைத்தொலைபேசி எண், பள்ளிக்கூடத்தில், டொக்டரிடம், எங்கே கேட்டாலும் கொடுக்கிற எண், அதோடு நாக்கு நின்றுவிட்டது. அந்த எண்ணுக்கு அடித்தால் எடுப்பது அவர், ஓம், அவதான் கேட்டவ என்று சொல்லப்போவதும் அவர். இதற்கா இவ்வளவு நேரம் பியானோ கேட்டாள்? தலைக்கு நேரே தொலைபேசியில் ஒட்டியிருந்த எண்ணை வாசித்தாள், குசினி எண், எடுக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"நல்லது மதாம். இனிமேல் யார் கேட்டாலும் முதலில் உங்களிடம்தான். ஏற்கெனவே எங்காவது கடன் கேட்டிருக்கிறீர்களா? அவர்களும் அழைக்கக்கூடும். பதிந்துவிடட்டுமா?"

அவர்களுமா... அப்படியென்றால் லவால்காரியைப் பற்றி யாரும் அழைக்க முன்னமே, வீட்டுக்கடனுக்காகத் திங்கட்கிழமை இந்த மணி அடிக்கும். செல்வமலர் நீங்கள்தானா, புரோசார்ட்டில் வீடு வாங்கக் கடன் கேட்டது நீங்கள்தானா என்று கேட்பார்கள். குலேந்திரன் பயந்ததும் சரிதான், ஆனால் அவர் பயந்தது பேங்க்காரனுக்கு, பதில் சொல்லப்போகிற இவளுக்கு இல்லை. வீட்டைப் பார்க்கப் போனார்கள், யன்னல்சீலைக்கு அளவெடுத்தார்கள், அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்தும் போட்டாள், உனக்கு இது வேணுமா புள்ள என்று யாராவது கேட்டார்களா? யோசித்துப் பார்த்தாள், ஒருவரும் கேட்கவில்லை. அவளாவது தன்னைக் கேட்டாளா?

"பதியுங்கள்" என்றாள் பிரெஞ்சில்.

பக்கத்து அறையில் முதல் பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. ரிசீவரை மாட்டினாள், பாலை அடுப்பில் வைத்தாள், திங்கட்கிழமை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள், யெஸ் என்று மெல்லச் சொல்லப் பார்த்தாள், யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தராமல் அந்தச் சொல் வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது.