முதுகு காட்டும் நாற்காலி

"வளையலைக் கழட்டு. போன தடவை சத்தம் வெளிய கேட்டுச்சு," என்றாள் மாமியார்.

மருமகள் கையை நீட்டவில்லை. மாமியாரே அதைப் பிடித்து இழுத்து, கோணிப்போன தன் விரல்களால் ஒவ்வொரு வளையலாக உருவினாள்.

"காலுறை போட்டுக்கிட்டியா? இருமல் வந்தா முழுங்கிடு. வரப்போறவர் சாதாரண ஆள் இல்ல. இசைப்பள்ளித் தலைவர்."

"தெரியும் அத்தை. மனு எழுதினது நான்தானே."



அந்த வீட்டின் முன்னறைதான் கடை. சுவரெல்லாம் வயலின்கள், மூலையில் மூன்று செல்லோக்கள், உத்தரத்துக் கம்பியில் கிட்டார்கள். நடுவில், வாங்க வருகிறவருக்கென்று தெருவைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலி. அதன் முதுகுப்புறம், கடைக்கும் உள்ளறைக்கும் இடையில், கனத்த பச்சைத் திரை. "கண்ணால பாத்தா பளபளப்பைத்தான் வாங்குவீங்க. திரும்பி உக்காந்து காதால வாங்குங்க. வாசிக்கறப்ப யாரும் பேசக் கூடாது," என்பார் மாமனார். மகன் வயலினை எடுத்துக்கொண்டு திரைக்குள் போவான். உள்ளிருந்து வருகிற நாதத்தில் வந்தவர் சொக்கிப் போவார். பிறகு மகன் வெளியே வந்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்பான்.

வாசித்தது அவன் இல்லை, அவன் மனைவி. அவனும் வாசிப்பவன்தான். விழாக்களில் அப்பாவோடும் இன்னும் நாலு பேரோடும் சேர்ந்து வாசித்தால் ஒப்பேறிவிடும். தனியாக வாசித்தால் சாயம் வெளுத்துவிடும்.

கல்யாணமான புதிதில், திரை எதற்கு என்று அவள் மாமனாரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பொம்பளை வாசிச்சான்னு தெரிஞ்சா வாத்தியத்துக்கு மதிப்பு இறங்கிடும்மா. நானா வெச்சேன் இந்தச் சட்டத்தை? ஊர் வெச்சது." பெண் பார்க்க வந்த அன்று அவளை முக்கால் மணி நேரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே சம்மதம் சொன்ன மனிதர் அவர். அவள் அம்மா பூரித்துப் போனாள். அவர் தேடி வந்தது ஒரு மருமகளை இல்லை, ஒரு கையை என்று அவளுக்குப் புரிய ஒரு மாதமாயிற்று. அதுவரை இருபத்திரண்டு வருஷம் திரைக்குப் பின்னால் வாசித்த மாமியாரின் விரல்கள் அந்த வருஷம்தான் மடங்க ஆரம்பித்திருந்தன.

இசைப்பள்ளியில் வயலின் ஆசிரியர் வேலை காலி என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு ராத்தூக்கம் போயிற்று. பிள்ளைகள் எதிரில், முகம் தெரிய, தன் பெயரில் வாசிக்கிற வேலை. ஆசை ஆசையாக மனு எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லிக் கணவனிடம் கொடுத்தாள். இன்று காலை இழுப்பறையில் வில்லுக்குப் பூசும் ரோசினைத் தேடியபோது அந்த மனு அடியில் கிடந்தது. அதைப் பார்த்து அவன் தன் பெயரில் வேறொன்று எழுதி அனுப்பியிருக்கிறான். தலைவர் கடைக்கே வந்து வாசிப்பைக் கேட்டு, பள்ளிக்கு வயலின்களும் வாங்கிப் போவதாகப் பதில் வந்திருந்தது.

"வீட்டுக்கு வர்ற வேலைதானே. என் பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன?" என்றான் அவன், எங்கோ பார்த்துக்கொண்டு.

"ஒண்ணுமில்லைன்னா என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டுமே."

"அப்பா ஒத்துக்க மாட்டாரு. சும்மா தொணதொணக்காத."

இப்போது மாமியார் வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு. அவனுக்கு வேலை கெடச்சப்புறம் நீ வாத்தியத்தைத் தொடவே கூடாதாம். அவன் பள்ளிக்கூடத்துல இருக்கறப்ப வீட்டுல வயலின் சத்தம் கேட்டா, யாரு வாசிக்கறதுன்னு ஊர் கேக்காதா? உங்க மாமா சொல்லச் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அத்தை?"

"என்னைக்கு என்னைக் கேட்டாரு?"

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. இதுவரை அந்தக் கதவை யாரும் தாழிட்டதில்லை. உள்ளறைக்கு ஜன்னலும் கிடையாது. இனி வெளியே போக அந்தத் திரை ஒன்றுதான் வழி. இன்று நன்றாக வாசித்தால் இதுவே கடைசி வாசிப்பு; தன் கையாலேயே தன் கையை வெட்டிப் போடச் சொல்கிறார்கள்.

கடையில் தலைவரின் கனத்த குரல் கேட்டது. நாற்காலி முனகியது. கணவன் வயலினோடு உள்ளே வந்து, நீட்டினான்.

வாசிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் வயலின் தோளில் ஏறியதும் கை பேச்சைக் கேட்கவில்லை. மெதுவாகத் தொடங்கி, அடித் தந்தியில் ஆழமாக இறங்கி, அங்கேயே நின்று, ஒரே இழுப்பில் மேலே போனாள். வெளியே ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. முடித்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"ஆஹா!" என்றார் தலைவர். "என்ன அழுத்தம்! ஆம்பளைக் கைன்னா இப்படி இருக்கணும். இரும்புக் கைய்யா!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்," என்று குழைந்தார் மாமனார்.

"வேலை உங்க பையனுக்குத்தான். இன்னொரு வயலினையும் கேட்டுட்டா வாங்கறதை முடிச்சுடலாம்."

கணவன் ஒரே எட்டில் போய் இரண்டாவது வயலினை எடுத்து வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவள் அதை வாங்கவில்லை. வில்லை அவன் கையில் வைத்தாள்.

"நீங்க வாசிங்க."

"விளையாடாத," என்று அவன் கிசுகிசுத்தான். "அவர் காத்திருக்காரு."

"ஆமா. வாசிங்க."

திரையை விலக்கிக்கொண்டு அவள் கடைக்குள் வந்தாள். தலைவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருந்தது. அதில், அவரைப் போலவே திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மாமனார் அவளைத் தடுக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். வாசிக்கிற நேரத்தில் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

திரைக்குப் பின்னால் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வில் தந்தியில் வழுக்கி ஒரு கிறீச்சொலி. இன்னொன்று. அதோடு நின்றது.

தலைவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல்ல வாசிச்சது?"

"நான்தான் ஐயா. மனு எழுதினதும் நான்தான்."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டார். "அதான்," என்றார் மாமனாரிடம். "கேக்கறப்பவே கொஞ்சம் மெலிசா இருக்கேன்னு பட்டுச்சு. அழுத்தம் பத்தல. வயலினுக்கு விலையைக் குறைச்சுப் போடுங்க."

"தாராளமா," என்றார் மாமனார்.

"அப்போ அந்த வேலை?" என்று அவள் கேட்டாள்.

"அது உங்க வீட்டுக்காரருக்கே இருக்கட்டும்மா. மனு அவர் பேர்லதான வந்திருக்கு? சொல்லிக் கொடுக்கறவருக்கு வாசிக்கத் தெரியணும்னு என்ன இருக்கு? ஆம்பளையா இருந்தா பசங்க அடங்கி உக்காருவாங்க."

கணவன் வயலினும் கையுமாகத் திரையோரம் வந்து நின்றான். தலை கவிழ்ந்திருந்தது. ஆனால் வேலை வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அவள் அதற்காக ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள் அவனிடம், தலைவர் காதிலும் விழும்படி. "அங்க திரை இருக்கான்னு மட்டும் இப்பவே கேட்டுக்குங்க. இங்க இருக்கறதுக்குப் பின்னாடி இனிமே ஆள் கிடையாது."