ஊட்டுக்குப் போனா அரை ஆடு

ஒன்பதாம் வகுப்புத் தனப்பிரியாவுக்கு இயற்பியல் சமன்பாடு என்பது ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவதற்கென்றே உண்டான சங்கதி. ஆனால் இந்தத் தடவை அப்படி விட முடியாது. இருபது சமன்பாட்டையும் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள்தான் சனிக்கிழமை ஊருக்குப் போகலாம் என்று நாமக்கல் விடுதிப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மேச்சேரியில் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. அறைத்தோழி ரஞ்சிதாவையும் கூட்டி வருவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது. கெங்கவல்லிக்காரியான ரஞ்சிதா, மேச்சேரி ஆட்டுக்கறியின் பெருமையை இரண்டு வருடமாகக் கேட்டே காது புளித்துப்போனவள்.

சமன்பாட்டைப் பேச்சு வார்த்தையாக்கி மனப்பாடம் செய்யும் குறுக்குவழியில் தனப்பிரியா இறங்கினாள். V = IR தாய்மாமன் வீரன் ஆனார். s = ut + ½at² மட்டும் மூன்று நாள் தண்ணி காட்டியது. நான்காம் நாள் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் துள்ளி எழுந்தாள்.

"ஏ புள்ள! யூ டி, ஊட்டு! ஏ டி, ஆட்டு! ஊட்டுக்குப் போனா கூட அரை ஆடு, ரெண்டு பந்தி!"

மேச்சேரிப் பேச்சில் வீடு என்றால் ஊடு. சிரித்த சிரிப்பில் இருவருக்கும் புரையேறியது. குளியலறை வரிசையில், துணி காயப்போடுகையில், எங்கும் அதே பாட்டுத்தான்.

தேர்வு முடிந்ததும் தமிழ்ச்செல்வி மிஸ் அங்கேயே திருத்தினார். தனப்பிரியாவுக்கு இருபது. ரஞ்சிதாவுக்குப் பத்தொன்பது. வெளியே தனப்பிரியாவின் அப்பா மணியன் வண்டியோடு காத்திருந்தார்.

"s = vt + ½at². இதென்ன ரஞ்சிதா, vt?"

"வீட்டு மிஸ்," என்றாள் ரஞ்சிதா பரிதாபமாக. "வீட்டுக்குப் போனா அரை ஆடு."

மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனப்பிரியாவுக்கு விளங்கிவிட்டது. கெங்கவல்லியில் வீடு வீடுதான். சொல்லிக்கொடுத்த ஊட்டைப் பாவி மகள் திருத்தி எழுதியிருக்கிறாள்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இவளை விட்டுவிட்டுப் போய் எந்த வாயால் கறி தின்பது?

"மிஸ், நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். ஒரு நிமிசம் பொறுங்க."

சாக்பீஸை எடுத்துவிட்டாள். எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியாது. v = u + at என்றால், u = v − at. அதை ut-இல் u இருந்த இடத்தில் வைத்தாள். vt − at² வந்தது. அதோடு ½at² கூட்டினாள். கரும்பலகையில் நின்றது: s = vt − ½at².

"மிஸ்! ஊட்டுன்னா ஆட்டக் கூட்டோணுங்க, வீட்டுன்னா கழிக்கோணுங்க! ஒரே ஒரு குறிதானுங்க தப்பு!"

மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் குறியை அவளே மாத்தட்டும். ஏன்னு காரணமும் சொல்லணும்," என்றார்.

ரஞ்சிதா தன் தாளில் இருந்த கூட்டல் குறியை அடித்துக் கழித்தல் போட்டாள். "v கடைசி வேகம் மிஸ். வண்டி வழியெல்லாம் அந்த வேகத்துல வரலையே. கூடுதலாக் கணக்குப் போட்டதைக் கழிக்கணும்."

இருபது! தனப்பிரியா அவளை இழுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்துக்கு எந்தச் சமன்பாடும் கிடையாது.

மறுநாள் மேச்சேரியில், இலையில் கறியைப் போட்டபடியே தனப்பிரியாவின் அம்மா கேட்டாள்: "ஊட்ல எல்லாரும் சௌக்கியமா சாமி?"

"எங்க வீட்டுல..." என்று ரஞ்சிதா வாயைத் திறந்ததுதான் தாமதம், அவள் இலையிலிருந்த கறியைத் தனப்பிரியா வழித்துக்கொண்டாள்.

"வீடுன்னா கழிச்சாச்சு!"

"ஊடு! ஊடு! எங்க ஊட்ல!" என்று அலறினாள் ரஞ்சிதா.

ஒன்றும் புரியாத அம்மா, இன்னொரு கரண்டி கறியைக் கூட்டினாள்.