வீட்டுக்காரர் பதில்

பேராசிரியர் இறந்தவளின் மடிக்கணினியைப் பாதி திறந்திருந்தபோதே இன்சூரன்ஸ்காரர் அறைக்குள் வந்துவிட்டார். கூடத்தில் இன்சூரன்ஸ்காரரின் மனைவி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். சுடுகாட்டு வண்டி மதியம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோதுதான், பேராசிரியரை மட்டும் காணோமே என்று அவருக்குச் சட்டென்று உறைத்திருந்தது.

எரிந்த கடைகளையும் நொறுங்கிய கார்களையும் பார்வையிட்டு, கேட்கும் நஷ்டம் உண்மையா பொய்யா என்று அறிக்கை எழுதுவது அவர் தொழில். தீப்பிடித்த இடத்துக்குப் போனால் கரியைப் பார்க்கமாட்டார், கடைக்காரர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். பேராசிரியர் முகத்தில் அழுத தடம் இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன தேடுறீங்க?"

"சார்... மேடமும் நானும் சேர்ந்து ஒரு திட்டம் எழுதிட்டிருந்தோம். வகுப்புல பாடம் நடத்துற முறையை மாத்துறதுக்குப் பல்கலைக்கழகம் நிதி தருது. அதுக்கான விண்ணப்பம். இன்னைக்குச் சாயங்காலத்தோட கடைசி."

"இன்னைக்கேவா?"

"தேதி நம்ம கையில இல்ல சார்."

"அவ போனதும் யார் கையிலயும் இல்ல. மேல யார் பேரு இருக்கும்?"

பேராசிரியர் தயங்கினார். "அவங்க பேருதான் இருந்துச்சு. இப்போ... உயிரோட இருக்கறவங்கதான் தலைமையா இருக்கணும்னு விதி. என் பேரைத்தான் போட்டாகணும்."

இன்சூரன்ஸ்காரர் தலையாட்டினார். பெரிய கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்டதைப் போல ஆட்டினார்.

இந்த ஆளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. அவளுக்கும் இவருக்கும் கல்லூரியில் ஒரே இயற்பியல் துறை, பக்கத்துப் பக்கத்து அறை. சில மாதங்களாக அவள் ராத்திரி சாப்பிட உட்காரும்போதெல்லாம் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். போனைக் கவிழ்த்து வைக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் தீர்மானம். சாப்பிட்டு முடித்ததும் பால்கனிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசுவாள், அடக்கமாட்டாமல் சிரிப்பாள். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டார். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. கடைசியில சொல்லிக்கலாம், இப்ப வேணாம்." அந்தப் பேச்சு அவர் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஊரையே குடைந்து குடைந்து கேட்கிற மனிதர் அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

நேற்றுக் காலை, வேலைக்குக் கிளம்ப வேண்டியவள் குளியலறை வாசலில் சரிந்தாள். மாரடைப்பு என்றார் மருத்துவர். இனி யாரிடம் கேட்பது?

காலையிலிருந்து மாணவர்கள் வேறு சாரி சாரியாக வந்துகொண்டிருந்தார்கள். பெட்டியைப் பார்த்து அழுதார்கள். அழுது முடித்ததும் அவரைப் பார்த்தார்கள். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்து, "இவர்தான்டி" என்றாள். அவருக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. ஆக, கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம், கட்டினவனுக்கு மட்டும் தெரியாது.

"இன்னொண்ணு சார்." பேராசிரியர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுல உங்க கையெழுத்து வேணும்."

"செத்த வீட்டுல கையெழுத்து கேட்டு வர்றவங்களை நான் நிறையப் பாத்தவன் சார்."

அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா தம்பி? வெளிய எல்லாரும் இருக்காங்க."

"நீ போக்கா." கதவைச் சாத்தினார். பிறகு, மாதக்கணக்கில் விழுங்கியதைத் துப்பிவிட்டார். "அவளுக்கும் உங்களுக்கும் என்ன?"

பேராசிரியருக்குக் கேள்வி புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் நாற்காலியில் உட்காரப் போனவர், உட்காராமல் நின்றுகொண்டார். தன் போனை எடுத்துத் தடவி, மேசைமேல் வைத்தார்.

அவள் குரல் வரும் என்று இன்சூரன்ஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். போனுக்குள்ளிருந்து தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. பிறகு வந்தது அவருடைய சொந்தக் குரலே.

"ஃபேனா? சுவிட்சை அணைச்சாலும் ஒயருக்குள்ள கொஞ்சம் கரண்ட் மிச்சம் இருக்கும்ல? அது தீர்ற வரைக்கும் சுத்தும். இதுகூடத் தெரியாமயா நீ பாடம் நடத்துற?"

பிறகு ஒரு சின்னச் சத்தம். அவள் சிரிப்பை அடக்கும்போது மூக்கு வழியாக வருமே, அது.

"இந்த மாதிரி நிறைய இருக்கு சார்," என்றார் பேராசிரியர். "பாடத்தைச் சரியான பதில்லேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது, புத்திசாலி ஒருத்தர் சொல்ற தப்பான பதில்லேர்ந்து ஆரம்பிக்கணும்னாங்க மேடம். தினம் வகுப்புக்குள்ள வந்ததும், 'எங்க வீட்டுக்காரர் இப்படிச் சொல்றாரு, நீங்க என்ன சொல்றீங்க'ன்னு கேப்பாங்க. பாதிப் பேரு உங்க பக்கம் நிப்பாங்க, பாதிப் பேரு எதிர்ப் பக்கம். அடிதடி ஆகாத குறை. பெயிலாகிறவங்க ரொம்பக் குறைஞ்சிட்டாங்க. திட்டமே அதுதான். பேரே 'வீட்டுக்காரர் பதில்'னு வெச்சோம்."

"என்னைக் கேக்காமயா பதிவு பண்ணினா?"

"தப்புதான் சார். ஒருத்தர் பேச்சை எடுத்தா அவங்க சம்மதம் எழுத்துல வேணும். 'முன்னாடியே கேட்டா மனுஷன் உஷாராயிடுவாரு, ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரம் தேடுவாரு'ன்னாங்க. கடைசி நாள் கேட்டுக்கறேன்னாங்க. நீங்க சம்மதிக்கலைன்னா எல்லாத்தையும் அழிச்சாகணும். அப்புறம் அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்ல."

இன்சூரன்ஸ்காரர் தாளை வாங்கி, வழக்கம்போல் கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். பொடி எழுத்து எதுவும் இல்லை. கையெழுத்துப் போடக் குனிந்தபோது கண் மறைத்தது. பேனா இரண்டு முறை இடம் தவறியது.

"அவ பேரு எங்கயாவது வரணும்."

"முதல் பக்கத்துலயே வரும் சார். சத்தியமா."

அதையும் அவர் முழுதாக நம்பவில்லை. "அனுப்பினதும் எனக்கு ஒரு நகல் வேணும்," என்றார்.

"கண்டிப்பா. அப்புறம்... ஒரு பதில் மட்டும் பாக்கி சார். வெயில் இல்லாமலே துணி காயுதே, தண்ணி எங்க போகுதுன்னு. நேத்துக் காலையில உங்ககிட்ட கேக்கறதா சொல்லியிருந்தாங்க. கேட்டாங்களா?"

கேட்டாள். மேகமூட்டமான காலை. பால்கனிக் கொடியில் துவாலையைப் போட்டுக்கொண்டே கேட்டாள். ஒரு கையில் போன் இருந்தது. அந்தப் போனைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. "அதையெல்லாம் உன் பேராசிரியரையே கேட்டுக்க," என்றார். அவள் கிளிப்பை மாட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தப் போன், அவர் சொன்ன பதிலோடு, இப்போது அவர் சட்டைப்பைக்குள் இருந்தது.

"கேட்டா," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே போனார். இன்றும் வெயில் இல்லை. துவாலை அப்படியே தொங்கியது. தொட்டுப் பார்த்தார்.

"காத்துக்கும் தாகம் எடுக்கும்ல? கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சிடும்னு சொன்னேன்."

பேராசிரியர் எழுதிக்கொண்டார். "இது நேத்துக் காலையில மேடம் கேட்டப்போ நீங்க சொன்னது. அப்படித்தானே சார்? அந்த வார்த்தையோடதான் பதியணும்."

பொய் நஷ்டம் கேட்ட எத்தனையோ பேரை முகத்தைப் பார்த்தே பிடித்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆமா. சிரிச்சா."

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா கூப்பிட்டாள். துவாலை முழுதும் காய்ந்திருந்தது. மடித்துத் தைத்த ஓரத்தில் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது. அவர் அதை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றார்.