தேசப்பனுக்கு மட்டும் முழங்கால் தண்ணீர்

1967ஆம் வருடம் ஐப்பசி மாதம் தொடங்கி, வட்டக்குப்பத்துத் தேசப்பன் பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் இறங்கினாலும் தண்ணீர் அவன் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. ஆள் முங்கும் ஆழத்திலும் அப்படித்தான். அவன் நின்ற இடத்தைச் சுற்றி ஏரி ஒரு தாம்பாளம் மாதிரி குழிந்துகொண்டது. அவன் நடந்தால் குழியும் கூடவே நடந்தது. அதே வாரம் மீஞ்சூரில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஊரில் பெரிதாகப் பேசப்பட்டது மண்ணெண்ணெய்தான்.

தேசப்பன் அதுவரை சுமாரான மீனவன். அந்த வருடம் ஒரு கிழிந்த வலைக்காக இரண்டு பங்காளிகள் அடித்துக்கொண்டபோது, வலையைத் தைத்துவிட்டுப் பிறகு சண்டை போடுங்கள் என்று சொல்லியிருந்தான். தைத்து முடிப்பதற்குள் இருவருக்கும் கோபம் போய்விட்டது. ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவனுக்கும் கொஞ்சம் கால் தரையில் பாவாமல்தான் இருந்தது. தண்ணீர் இறங்கியது அதற்கு மறுநாள்.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர் ராஜமாணிக்கம் வாத்தியார். பட்டணத்தில் பயிற்சி எடுத்தபோது மனிதனின் அறிவை அளக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, அதற்கான மரக்கட்டைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போக, அப்பன்மார் துளை போட்டு வலைக்கு மிதப்புக் கட்டையாகக் கட்டிவிட்டார்கள். அறிவை அளக்கும் கட்டைகள் ஏரி முழுக்க மிதந்துகொண்டிருந்தன; வாத்தியார் கையில் காலிப்பெட்டிதான் இருந்தது. தேசப்பனைக் கண்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அறிவு கனமான பொருள், அது தண்ணீரைக் கீழே அழுத்துகிறது என்றார். அறிவு அதிகமானால் தண்ணீர் குறையும்.

ஊர் ஏரிக்கரையில் கூடியது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அதே இடத்தில் ஒருவனுக்குத் தொடையளவு நின்றது, அடுத்தவனுக்கு மார்பளவு. இந்த வித்தியாசம் இதற்கு முன் இருந்ததா என்று யாருக்கும் நினைவில்லை, இல்லாமலும் இருந்திருக்கலாம். நாட்டார் திருமலை ஊர்த்தலைவர் என்பதால் கரையோரம் பார்த்து இறங்கி, இடுப்பளவில் தப்பித்தார். தேசப்பனின் மனைவி எல்லம்மாவுக்கு முகவாய்க்கட்டை வரை வந்தது. ஒரு வெள்ளாட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்ததில் அதற்குக் குளம்பளவுதான் நின்றது. அதைப் பற்றிப் பேச வேண்டாமென்று நாட்டார் கேட்டுக்கொண்டார். வாத்தியாரை இறங்கச் சொன்னபோது, அளப்பவன் அளவுக்கு உட்பட்டவன் அல்ல என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அதிலிருந்து ஊரின் நடையே மாறிப்போனது. கழுத்தளவு ஆட்கள் உப்பு வாங்கப் போனாலும் யாரையாவது கேட்டுவிட்டுப் போனார்கள். தொடையளவு ஆட்கள் யாரையும் எதுவும் கேட்பதை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் ஆரணிச் சந்தையில் காளை என்று நம்பிக் கிழட்டு எருது ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தபோது, எருதுதான் தவறு செய்திருக்க வேண்டும் என்று ஊர் முடிவுகட்டியது. பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்குத் தண்ணீர் எதுவரை என்று கேட்டார்கள். கோடையில் மட்டும் ஏரி வற்றி எல்லாருக்கும் முழங்கால்தான். அந்த மூன்று மாதமும் குப்பத்தில் முட்டாள் என்று ஒருவன் கிடையாது, ஒரு பஞ்சாயத்தும் தீராது.

இதெல்லாம் விளையாட்டோடு போயிருக்கும். பாடு விஷயத்தில் கை வைத்ததுதான் வினை. பாடு என்பது ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்ற முறை. வருடத்துக்கொரு தரம் கங்கையம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய பாடு விழுந்தவன் வீட்டில் இறால் மணக்கும். குருட்டுச் சீட்டை நம்புவதைவிட அறிவை நம்புவதுதான் காலத்துக்கு ஏற்றது என்று வாத்தியார் சொல்ல, நாட்டார் தலையாட்ட, தண்ணீரின் அளவுப்படி பாடு பிரிக்கப்பட்டது. முகத்துவாரம் தேசப்பனுக்கு. கழுத்தளவு ஆட்களுக்கு ஒன்றுக்கும் உதவாத சேற்றுப் பக்கம்.

தேசப்பன் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் முகத்துவாரத்தில் வலை போட்டான். அவன் நின்ற இடத்தில் முழங்கால் தண்ணீர்தான் இருந்ததால் வலையின் நடுப்பாகம் சேற்றில் கிடந்தது. மீன்கள் குழியின் விளிம்பு வரை வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிப் போயின. தோணியில் ஏறிப் பார்த்தான், தோணி தரைதட்டியது. ஏரியிலேயே நல்ல பாடு அவனுடையது, ஏரியிலேயே வெறுங்கையோடு திரும்பியவனும் அவன்தான். சொல்லிவிட்டால் பாடு போகும், அதைவிட முக்கியமாகப் பெயர் போகும். ஆகவே மீன்களுக்கு இந்த வருடம் புத்தி மட்டு என்று சொல்லிவைத்தான். அதை எல்லாரும் நம்பினார்கள், ஏனென்றால் சொன்னவனுக்கு முழங்கால்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் கஞ்சிக்கு உப்பைத் தொட்டுக்கொண்டார்கள். எல்லம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நீ புத்திசாலியாவே இருந்துக்கோயா, யாரு வாணான்னா," என்றாள். "கொயம்புக்கு மட்டும் நாலு மீனு யாராண்டயாச்சும் கேட்டு வாங்கியாந்துடு."

முழங்காலளவு மனிதன் யாரிடம் போய் என்ன கேட்பது? மறுநாள் அவளே இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றுப் பக்கம் இறங்கினாள். மற்றவர்களுக்குக் கணுக்கால் நனையும் கரையோரத்திலேயே அவளுக்குத் தண்ணீர் முகவாய் வரை எழும்பிக்கொடுத்தது. அத்தனை தண்ணீர் கண்ட இறால்கள் எங்கிருந்தோ வந்து அவள் கைக்குள் புகுந்தன. பறி நிறைந்தது. அந்த இறாலைத் தேசப்பன் ஏழு வருடம் சாப்பிட்டான். ஊரார் பார்வையில் அது அவன் பிடித்த இறால். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சாப்பிடும்போதெல்லாம் அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இறால் ருசியாகவும் இருந்ததால் வெட்கம் தட்டு காலியாகும் வரைதான் நீடித்தது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பின. அவற்றில் ஒன்றின் மேலாளர், வேலைக்கு வருகிறவர்களின் அறிவை அளக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டு ஜீப்பில் வந்தார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தேசப்பனுக்குப் பக்கத்தில் இறங்கினார். தண்ணீர் அவருடைய சட்டைப் பையைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியது. கரையேறி, பேனாவை உதறி, இந்த முறைக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு ஜீப்பில் ஏறிப் போனார். வட்டக்குப்பத்திலிருந்து ஒருவருக்கும் அங்கே வேலை கிடைக்கவில்லை.

1974 ஐப்பசியில் அடைமழை. ஆரணியாறு பெருகி ஏரியில் விழுந்தது. ஏரி முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. சாயங்காலம் சேற்றுப் பக்கம் இறால் தடவிக்கொண்டிருந்த எல்லம்மாவை இழுப்பு வாரிக்கொண்டு போனது. கரையில் ஊரே நின்றது. தோணி எடுக்க முடியாத வேகம். நடந்து போய்க் கூட்டிவரக்கூடிய ஒரே ஆள் தேசப்பன். அவனுக்குத்தான் எங்கேயும் முழங்கால் தண்ணீர் ஆயிற்றே.

ஆனால் வாத்தியார் கையை உயர்த்தினார். முழங்காலும் முகவாயும் ஒன்றையொன்று நெருங்கினால் எந்த அளவு நிலைக்கும் என்பது இதுவரை சோதிக்கப்படவில்லை என்றார். நாட்டார், பொறு தேசப்பா, அறிவுள்ளவன் அவசரப்படக் கூடாது என்றார். வாத்தியார் குடைக்கம்பியால் ஈர மணலில் படம் வரைந்து காட்டினார். தேசப்பனும் மோவாயைத் தடவிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தான். ஏழு வருடப் பழக்கம். ஊர் பார்க்கும்போது யோசிக்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

அப்போது ஓலைப்பறி மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டு போவது தெரிந்தது.

தேசப்பன் வாத்தியாரின் படத்தை மிதித்துக்கொண்டு ஓடினான். தலைப்பாகை எங்கே விழுந்தது என்று தெரியாது. நாலு எட்டு வைத்ததும் தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டியது, தொடையைத் தாண்டியது, வயிற்றுக்கு வந்தது. ஊரிலேயே மந்தமான ஆளும் நிமிர்ந்து நிற்கக்கூடிய இடத்தில் அவன் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. ஏழு வருடமாக நீந்தாதவனுக்கு நீச்சல் மறந்திருந்தது.

எல்லம்மா ஒரு வலைக்கம்பைப் பிடித்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தாள். முகவாய் வரை தண்ணீரில் ஏழு வருடம் நின்று பழகியவள் இழுப்புக்கா பயப்படுவாள்? புருஷன் முங்குவதைப் பார்த்ததும் கம்பை விட்டு நீந்தி வந்து, தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, கரைக்கு இழுத்துப் போட்டாள். அவன் ஏரியில் பாதியைக் கக்கினான்.

"இன்னாத்துக்குயா எறங்குன?" என்று கேட்டாள். "உனுக்கு நீஞ்ச வராதுன்னு உனுக்கே தெரியாதா?"

"ரோசன பண்ணல," என்றான் தேசப்பன்.

எல்லம்மா சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வராமல் அழுகை வந்தது. கஞ்சிக்கு உப்பைத் தொட்டுக்கொண்ட வாரத்தில்கூட அழாதவள், ஊர் மொத்தமும் பார்க்க அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

தலை முங்கினவனுக்கு முகத்துவாரப் பாடு கிடையாது என்று மறுநாள் தீர்ப்பானது. அப்படியானால் யாருக்கு என்பதில் ஒத்துவராமல், தையில் பழையபடி கங்கையம்மன் முன்னால் சீட்டுப் போட்டார்கள். வாத்தியாருக்குத் திருப்பாச்சூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. அங்கே ஏரி இல்லாததால் கோயில் குளத்தில் அளந்து பார்ப்பதாகக் கடிதம் போட்டிருந்தார். ஊரில் மற்றவர்களுக்குத் தண்ணீர் எதுவரை என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்; இன்னும் அதே அளவில்தான் நிற்கிறதா என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

அந்த வருடம் தேசப்பனுக்குச் சேற்றுப் பக்கம் விழுந்தது. எல்லம்மா கூடவே வந்தாள். இருவரும் சேர்ந்து இறங்கினால் எந்த இடத்திலும், எந்த மழையிலும் தண்ணீர் இருவருக்கும் இடுப்பளவில் நின்றது. வலை போட அதுதான் தோதான ஆழம். அவன் வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள்.